வண்டி சீட்டில் ஒரு காமிக்ஸ்

அந்தப் பிப்ரவரி மதியம் நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டிருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது என்று பல நாள் என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். அது உண்மையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. ஆனாலும் அந்தச் சாப்பாட்டு வேளையிலிருந்துதான் சொல்ல வேண்டும்.

எர்ணாவூர் தாண்டி எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் எனக்கு வேலை. கேட் பாஸ் எழுதுவது. துறைமுகத்துக்குப் போகிற, அங்கிருந்து வருகிற ஒவ்வொரு டிரெய்லருக்கும் வண்டி எண், பெட்டி எண், சீல் எண் மூன்றையும் சரிபார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுப்பேன். வீடு ராயபுரம். கணவர் இறந்து அப்போது ஆறு வருடம் ஆகியிருந்தது. மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். எனக்கு முப்பத்தொன்பது வயது.

பழைய கன்டெய்னர் ஒன்றில் ஜன்னல் வெட்டி, ஃபேன் மாட்டி, அதைத்தான் எங்களுக்குச் சாப்பாட்டு அறையாகக் கொடுத்திருந்தார்கள். அன்று அங்கே நாலு பேர் இருந்தோம். நான், என்னோடு கேட்டில் வேலை பார்க்கும் அக்கா, எடைமேடை பார்க்கும் பாய், பெட்டிகளில் ஓட்டை ஒடிசல் இருக்கிறதா என்று பார்த்து எழுதும் சர்வேயர். அக்கா திருவொற்றியூர் குப்பத்துக்காரர், ஐம்பது வயது, பேச்சில் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டார். பாய் வண்ணாரப்பேட்டை. சர்வேயர் தெற்கேயிருந்து வந்தவர், முப்பத்தைந்து இருக்கும், கல்யாணமாகவில்லை. யாரிடமும் அதிகம் பேசமாட்டார்.

காதலர் தினம் வருகிறதென்று தியேட்டர்களில் பழைய காதல் படங்களைத் திரும்ப ஓட்டப்போகிறார்கள் என்று அக்காவுக்கு ஒரே குஷி.

"நானும் என் தங்கச்சியும் போறோம். நீயும் வாமே. வூட்ல குந்திகினு இன்னா பண்ணப் போற?"

"எனக்கு வேணாம்க்கா. அந்தப் படங்களைப் பார்த்தாலே எரிச்சலா வரும்."

"ஏன், காதல்னா கசக்குதா?"

"காதல் கசக்கலக்கா. அந்த ஹீரோவுக்கு அவ முடியாதுன்னு சொன்னா காதுலயே விழாது. பஸ் ஸ்டாப்ல நிப்பான், காலேஜ் வாசல்ல நிப்பான், மழையில நனைவான். கடைசியில அவ சரின்னுடுவா. எல்லாரும் கை தட்டுவாங்க."

பாய் சிரித்தார். "அவன் பின்னாடி போவலன்னா படம் அர மணி நேரத்துல முடிஞ்சி பூடுமேம்மா!"

"அப்ப உனக்கு இன்னாதான் புடிக்கும்?" என்றார் அக்கா.

சொல்லியிருக்க வேண்டாம். சொன்னேன். எனக்குச் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் பிடிக்கும். சின்ன வயதில் அண்ணனோடு சேர்ந்து படித்த பழக்கம். கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பழைய புத்தகக் கடைகளில் தேடி வாங்கி வந்து கொடுப்பார். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறது. அடிதடிக்காக நான் படிப்பதில்லை. எனக்குப் பிடித்தது சண்டை முடிந்த பிறகு வரும் ஒரு கட்டம். காப்பாற்றப்பட்டவர்கள் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பார்கள், அவன் பக்கத்தில் இருக்கமாட்டான்.

"காப்பாத்திட்டுப் போய்டுவான்க்கா. பேரைக்கூடச் சொல்ல மாட்டான். பதிலுக்கு எதுவும் கேக்க மாட்டான். காதல் படத்து ஹீரோவைவிட அவன் எவ்வளவோ மேல்."

"மூஞ்சி தெரியறவன நம்ப மாட்ட, மூஞ்சிய மூடிகினு வர்றவன நம்புவியா? ஷோக்கா கீது உன் நாயம்" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தோம். சர்வேயர் மட்டும் எழுந்து டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டு போனார்.

மறுநாள் சாயங்காலம் வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனேன். என் ஸ்கூட்டர் சீட்டில் ஒரு காமிக்ஸ் இருந்தது. யார்டுத் தூசி படாமல் பிளாஸ்டிக் உறையில் போட்டு, காற்றில் பறக்காமல் ஒரு சின்னக் கல்லும் வைத்திருந்தது. பேர் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. யாரோ நான் சொன்னதை ஞாபகம் வைத்திருக்கிறார்கள். அன்று சமையலை முடித்துவிட்டு ஒரே மூச்சில் படித்தேன். இரண்டு நாள் கழித்து அதன் அடுத்த பாகம் வந்தது. அதையும் படித்தேன்.

மூன்றாவது புத்தகம் என் வீட்டுக் கிரில் கதவில் சொருகியிருந்தது.

எங்கள் வீடு ஒரு சந்துக்குள், மாடிப் போர்ஷன். வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் விலாசம் கொடுத்ததில்லை. அக்காகூட வந்ததில்லை. புத்தகத்துக்குள் ஒரு சீட்டு இருந்தது. அழகான கையெழுத்து. "நேற்று டோல்கேட் அருகில் அந்த லாரி உங்களை உரசுவதுபோல வந்தது. நான் பின்னால்தான் இருந்தேன். பயப்படாதீர்கள்."

லாரி உரசுவதுபோல வந்தது உண்மை. அந்தச் சாலையில் அது தினமும் நடப்பதுதான், வீட்டுக்கு வந்ததும் மறந்துபோயிருந்தேன். இன்னொருவர் அதைப் பார்த்திருக்கிறார். பார்த்துக்கொண்டே என் சந்துவரை வந்திருக்கிறார். 'பயப்படாதீர்கள்' என்ற வார்த்தையைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதுவரை எனக்குப் பயமில்லை. அந்த வார்த்தையில்தான் பயம் தொடங்கியது.

அடுத்த நாளிலிருந்து என் கண் சாலையில் இல்லை, கண்ணாடியில் இருந்தது. டிரெய்லர்களுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டுகிறவள் பின்னால் பார்த்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? இரண்டு தடவை பிரேக் பிடிக்கத் தாமதமாகி, டிரெய்லரின் பின்பக்கத்து இரும்பு முகத்துக்கு எதிரே வந்து நின்றது. ஹெல்மெட் போட்ட ஒவ்வொருவரும் முகமூடி போட்டவராகத் தெரிந்தார்கள். கடலோரச் சாலையை விட்டுவிட்டு உள்ளே திருவொற்றியூர்த் தேரடி வழியாகப் போய்ப் பார்த்தேன். அங்கே கூட்டம். கூட்டத்தில் யாரென்று தேடுவது?

ஸ்கூட்டரை வீட்டிலேயே விட்டுவிட்டு இரண்டு நாள் மெட்ரோவில் போனேன். இரண்டாம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து மேசை இழுப்பறையைத் திறந்தால் உள்ளே ஒரு காமிக்ஸ். சீட்டில், "மெட்ரோவில் வருகிறீர்கள். நல்லது. அதுதான் பாதுகாப்பு" என்று எழுதியிருந்தது.

யார்டில் இருக்கும் யாரோ என்பது மட்டும் உறுதியானது. நான் பாயைச் சந்தேகப்பட்டேன். காரணம் கேட்டால் ஒன்றுமில்லை. அவர் நன்றாகச் சிரித்துப் பேசுவார், அவ்வளவுதான். அவர் "இன்னாம்மா, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் கொண்டுவந்து வைத்த பேரீச்சம்பழத்தைத் தொடவில்லை. பயம் நம்மை நல்லவர்களாக்குவதில்லை. எனக்கு அதில் இன்றும் வெட்கம் உண்டு.

மகளிடம் சொல்லவில்லை. பொதுத்தேர்வு நேரம். ஆனால் மாலை டியூஷனுக்குப் போக வேண்டாம், வீட்டிலேயே படி என்றேன். அவள் கத்தினாள். காரணம் கேட்டாள். அந்த வாரம் அவள் என் காமிக்ஸ் ஒன்றைப் புரட்டிக்கொண்டே சும்மா ஒரு வார்த்தை சொன்னாள்.

"காதல் படத்தைத் திட்டுறியேம்மா, உன் ஆளு மட்டும் என்ன? மொட்டை மாடியில நின்னுக்கிட்டு அவ ஜன்னலைத்தானே பார்த்துட்டிருக்கான்?"

அவள் காட்டிய பக்கத்தை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். கீழே தெருவில் ஒரு பெண் தனியாக நடந்து போகிறாள். மேலே கூரை விளிம்பில் அவன் காவலுக்கு நிற்கிறான். இத்தனை வருடமும் அந்தப் படத்தை நான் கூரையிலிருந்துதான் பார்த்திருக்கிறேன். தெருவில் போகிறவளின் கழுத்துக்குப் பின்னால் எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. புத்தகத்தை வாங்கி மூடிவைத்தேன்.

ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் காவல் நிலைய வாசல்வரை போனேன். என்ன சொல்வது? யாரோ எனக்குப் புத்தகம் தருகிறார்கள், பத்திரமாகப் போங்கள் என்று எழுதுகிறார்கள் என்றா? கணவர் இல்லாதவள், எதிர்பார்த்துத்தானே இருந்திருப்பாய் என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டு, உள்ளே போகாமலே திரும்பிவிட்டேன்.

பன்னிரண்டாம் தேதி வந்த புத்தகத்துக்குள் ஒரு சினிமா டிக்கெட் இருந்தது. அப்போது ஓடிக்கொண்டிருந்த ஒரு சூப்பர் ஹீரோ படம், பதினாலாம் தேதி மதியக் காட்சி. "உங்களுக்குக் காதல் படம் பிடிக்காது என்று தெரியும். அன்று முகமூடியைக் கழற்றுகிறேன்."

இனியும் தனியாகச் சுமக்க முடியவில்லை. டிக்கெட்டை எடுத்துக்கொண்டுபோய் அக்காவிடம் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அக்கா கேட்டுவிட்டு என் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கொஞ்சினார்.

"ஐயோ, எவ்ளோ அயகா கீதுமே! சினிமா மாரியே கீது. இதுக்கா அயுவுற?"

"அக்கா, வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கான்."

"உம்மேல அவ்ளோ அக்கறை. போய்ப் பாரு, ஆருன்னுதான் தெரியட்டுமே. உனக்கும் எத்தினி நாளு ஒண்டியா இருக்கறது?"

போகமாட்டேன் என்றேன். டிக்கெட்டை அங்கேயே கிழித்துப் போட்டேன். அதற்கு முன்னால் அக்கா சீட் நம்பரைப் பார்த்துக்கொண்டதை நான் கவனிக்கவில்லை.

பதினாலாம் தேதி லீவு போட்டேன். மகளைப் பள்ளிக்கு நானே கொண்டுவிட்டு, நானே கூட்டிவந்தேன். கிரில்லைப் பூட்டி, உள்கதவையும் தாழிட்டு, ஜன்னல்களைச் சாத்தினேன். காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் கடல்காற்றும் நின்றுபோய் வீடு புழுங்கியது. அப்போதுதான் மகள் புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டு, "இப்ப சொல்லு" என்றாள். சொன்னேன். அவள் சிரிக்கவில்லை, அழகாயிருக்கிறது என்று சொல்லவில்லை. எழுந்துபோய்த் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

ஐந்தரை மணி இருக்கும். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஒருவரில்லை, இரண்டு பேர். மணி அடித்தது. நான் மகளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மே, நான்தான், தொற!" அக்காவின் குரல்.

அக்காவுக்கு என் வீடு தெரியாதே என்ற எண்ணம் வருவதற்குள், அந்தக் குரலைக் கேட்ட நிம்மதியில் உள்கதவைத் திறந்துவிட்டேன். கிரில்லுக்கு அந்தப் பக்கம் பட்டுப்புடவையில் அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் சர்வேயர். கையில் உறை போட்ட இன்னொரு காமிக்ஸ்.

"தோ பாரு, ஆரு வந்துகீறாருன்னு! நானு தியேட்டராண்ட போய்ப் பாத்தா, பக்கத்து சீட்டக் காலியா வச்சிகினு ஒக்காந்துகினு கீறாரு. கண்ணுல தண்ணி. மனசு கேக்கல. வூடு தெரியும்னாரு, கூட்டிகினு வந்துட்டேன். தொறமே."

நான் திறக்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றேன்.

"சார், என் வீடு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலைகுனிந்து, மிகவும் மரியாதையாகச் சொன்னார். "மழை சமயத்திலேருந்தே தெரியும் மேடம். நவம்பர்ல ரோடெல்லாம் தண்ணி நின்னுதே, நீங்க பத்திரமா வீடு போய்ச் சேர்றீங்களான்னு பார்க்கத்தான் வந்தேன். அப்புறம் தினமும் வர்றது பழகிடுச்சு."

நவம்பரிலிருந்து. நான் வாய் திறந்து எதுவும் சொல்வதற்கு மூன்று மாதம் முன்பிருந்து. அந்த மூன்று மாதத்தில் நான் மார்க்கெட்டில் நின்றது, மகளோடு கடற்கரையில் உட்கார்ந்தது, ஒருநாள் டேங்க் லாரி டிராஃபிக்கில் யாரும் பார்க்கவில்லை என்று வண்டியில் உட்கார்ந்தபடியே அழுதது, எல்லாம் ஒவ்வொன்றாக நினைவில் வந்து போனது.

"நீங்கதானே மேடம் சொன்னீங்க, அவன் எதுவும் கேக்க மாட்டான்னு? நானும் இதுவரைக்கும் உங்ககிட்ட எதுவும் கேக்கலையே."

"இப்ப கேக்கத்தானே வந்திருக்கீங்க?"

அவர் கையிலிருந்த காமிக்ஸின் உறையை நீவினார்.

"பத்து நாளா நான் தூங்கல சார். வண்டி ஓட்ட முடியல. எல்லாரையும் பார்த்து பயப்படறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணில் உண்மையான திகைப்பு. "என்னைப் பார்த்தா பயப்படறீங்க? நான் உங்க காவலுக்குத்தானே வந்தேன்?"

"ஆமாம். உங்களைப் பார்த்துத்தான்."

மகள் எனக்கு முன்னால் வந்து நின்றாள். "சார், அம்மா என்னை டியூஷனுக்குக்கூட அனுப்பல. ஏன்னு இன்னைக்குத்தான் தெரியும். நீங்க கெளம்புங்க." உள்ளே போய், அவர் தந்த எல்லாப் புத்தகங்களையும் எடுத்துவந்து, கம்பி இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக வெளியே கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். ஒன்று கீழே விழுந்தது, குனிந்து எடுத்துத் தூசி தட்டினார். பிறகு படியிறங்கிப் போனார். அக்கா என்னை வெறித்துப் பார்த்தார்.

"நீ பொம்பளையா, கல்லா?" என்றார். அவரும் போய்விட்டார்.

மறுநாள் யார்டுக்குள் நுழையும்போதே கதை எனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. நான் மேலாளரிடம் புகார் எழுதிக் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, "தப்பா எதுவும் நடக்கலையேம்மா?" என்றார். இல்லை என்றேன். வேறு என்ன சொல்வது? ஒரு வாரத்தில் சர்வேயர் தானாகவே மாதவரம் பக்கத்து யார்டுக்கு மாற்றல் கேட்டுப் போய்விட்டார். நல்ல மனுஷனைத் துரத்திவிட்டாள் என்று பாதிப் பேர் பேசினார்கள். அவர் கெட்டவர் என்று நானும் சொல்லவில்லை. அவர் போனபிறகும் என் பயம் மாற்றல் வாங்கிப் போகவில்லை, அவ்வளவுதான்.

பாயிடம் போய் மன்னிப்புக் கேட்டேன், உங்களைத்தான் முதலில் நினைத்தேன் என்று. அவர் எடைமேடைக்கு மேலே இருந்த தன் கேபினைக் காட்டினார்.

"அவரு பைக்கு தெனம் உன் வண்டி பின்னாலயே போவும். மேல குந்திகினு பாத்துகினுதான் இருந்தேன். உங்க ரெண்டு பேருக்குள்ள ஏதோ கீதுன்னு நென்ச்சி வுட்டுட்டேன்மா. ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

அக்கா இரண்டு வாரம் என்னோடு பேசவில்லை. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து கேட் பாஸ் கிழித்தோம். மார்ச்சில் ஒரு மதியம், சாப்பாட்டு அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். கன்டெய்னர் தகடு வெயிலில் கொதித்தது. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"எங்க வூட்டுக்காரரும் என் பின்னாலயேதான் வந்தாரு. ரெண்டு வருசம். தண்ணி புடிக்கற கொயாயாண்ட நிப்பாரு, கோயிலாண்ட நிப்பாரு. எங்க அம்மா கைல சொன்னா, நீ இன்னா பண்ணுன, உன் பின்னால ஏன் வர்றான்னு என்னியத்தான் அடிச்சாங்க. பயந்துகினேதான் கட்டிகினேன்."

நான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

"அப்பால எல்லார் கைலயும் லவ் மேரேஜினு சொன்னேன். சொல்ல சொல்ல எனக்கே அப்டித்தான் தோணிச்சி. மன்ஷன் நல்லவருதான், ஒரு கொறயும் இல்ல. ஆனா இன்னிக்கும் அவரு செருப்பு சத்தம் பின்னாடி கேட்டா எனக்குத் தூக்கி வாரிப்போடும்." பிறகு, "அப்டி ஒருத்தர நானே இஸ்துகினு வந்து உன் வாசல்ல வுட்டேன் பாரு" என்றார். மன்னிப்பு என்ற சொல் வரவில்லை. தன் டப்பாவிலிருந்து ஒரு வஞ்சிர வறுவலை எடுத்து என் தட்டில் வைத்தார். நான் அதைச் சாப்பிட்டேன்.

மகள் தேர்வை நன்றாகவே எழுதி, இப்போது கல்லூரிக்குப் போகிறாள். தோழிகளோடு காதல் படங்களுக்குப் போகிறாள். எத்தனை மணிக்கு வருவாய் என்று மட்டும் கேட்கிறேன், யாரோடு என்று கேட்காமல் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். காமிக்ஸ் பக்கம் நான் பல மாதம் போகவில்லை. பிறகு மெல்லத் திறந்தேன். இப்போதும் படிக்கிறேன். ஆனால் கூட்டத்தில், மூலையில், சின்னதாக வரைந்திருக்கும் முகங்களைத்தான் முதலில் பார்க்கிறேன். அவர்களில் யாராவது பயந்திருக்கிறார்களா என்று.

இந்த வருடம் பிப்ரவரியில் ஒரு காலை. எண்ணூர் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒரு பைக் விடாமல் ஹாரன் அடித்தது. வேகத்தைக் கூட்டினேன், அதுவும் கூட்டியது. ஓரம் கட்டினேன், அதுவும் பக்கத்தில் வந்தது. ஹெல்மெட் கண்ணாடியைத் தூக்கினான். கீழே கைகாட்டினான்.

"யக்கா, ஸ்டாண்டு! சைடு ஸ்டாண்டு எடுக்கல பாரு!"

சொல்லிவிட்டு நிற்காமல் டிரெய்லர்களுக்கு நடுவே போய்விட்டான். நான் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டைத் தட்டி மேலே ஏற்றினேன். நன்றி சொல்லத் தோன்றவில்லையே என்று வருத்தமாக இருந்தது. எர்ணாவூர் வரும்வரை என் கண் கண்ணாடியில்தான் இருந்தது.